துப்பாக்கி கருவிதான், உரிமை தற்காப்பு: யூஜின் வோலோக் எழுதியதைப் புரிந்துகொள்ள

அமெரிக்காவில் எங்காவது ஒரு பள்ளியிலோ கடைத்தெருவிலோ துப்பாக்கிச் சூடு நடந்த செய்தி வந்ததும் நம் வாசகர்கள் பலருக்கும் எழுகிற கேள்வி ஒன்றுதான்: இத்தனை உயிர் போன பிறகும் ஒரே சட்டம் போட்டு எல்லாத் துப்பாக்கியையும் ஏன் தடை செய்துவிடக் கூடாது? துப்பாக்கி வியாபாரிகளின் பணபலம், அரசியல்வாதிகளின் பயம் என்று பதில் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு சட்டம் நிறைவேறினாலும் நீதிமன்றத்தில் நிற்காது என்பதுதான் பலருக்குப் பிடிபடாத பகுதி. 2008-லிருந்து துப்பாக்கி வைத்திருப்பதைத் தனிமனிதரின் அடிப்படை உரிமையாக அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அந்த இடத்துக்கு நீதிமன்றம் வந்து சேர்ந்ததில் சட்ட அறிஞர்களின் கட்டுரைகளுக்குப் பங்கு உண்டு. அவர்களில் யூஜின் வோலோக்கின் பெயர் தீர்ப்புகளிலேயே வருகிறது.

இவரை 'துப்பாக்கி ஆதரவாளர்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கட்டுரைகளை வரிசையாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. இவரது சிந்தனையின் மையத்தில் இருப்பது தற்காப்பு. உயிருக்கு ஆபத்து வரும்போது தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமைதான் வேர், துப்பாக்கி அந்த உரிமையைப் பயன்படுத்தும் கருவிகளில் ஒன்று. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் அவர் சொல்வதில் எது வலுவானது, எது இடிக்கிறது என்று நாமே பிரித்துப் பார்த்துவிடலாம்.

சண்டை எங்கே தொடங்குகிறது

அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் 1791-ல் நடைமுறைக்கு வந்தது. ஒரே வாக்கியம். சாரத்தைத் தமிழில் சொன்னால்: நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு அவசியம் என்பதால், ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமையில் கை வைக்கக் கூடாது.

குடிப்படை என்றால் சம்பளம் வாங்கும் நிரந்தரப் பட்டாளம் இல்லை. ஊரில் உடல் தகுதியுள்ள ஆண்கள், அழைப்பு வந்ததும் தங்கள் வீட்டுத் துப்பாக்கியோடு வந்து திரளும் படை. வாக்கியத்தின் முன்பாதி இந்தப் படையைப் பற்றிப் பேசுகிறது, பின்பாதி மக்களின் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. முன்பாதியைக் காரணப் பகுதி என்றும் பின்பாதியை உரிமைப் பகுதி என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் என்ன உறவு என்பதுதான் மொத்தச் சண்டையும்.

1. ஒரு தரப்பு: காரணப் பகுதி உரிமைக்கு எல்லை போடுகிறது. குடிப்படைக்குத் தேவையான அளவுக்கே ஆயுத உரிமை. இன்று அப்படி ஒரு படையே இல்லாததால் தனிமனிதர் இதைக் காட்டி உரிமை கோர முடியாது.

2. இன்னொரு தரப்பு: காரணப் பகுதி ஏன் என்று மட்டுமே சொல்கிறது. உரிமை 'மக்களுக்கு' என்றுதானே எழுதியிருக்கிறது, அதனால் ஒவ்வொருவருக்கும் உண்டு.

1939-ல் மில்லர் வழக்கில், குழலை 18 அங்குலத்துக்கும் குறைவாக வெட்டிய ஷாட்கன் வைத்திருந்தது தொடர்பாக உச்ச நீதிமன்றம் சுருக்கமாக ஒரு தீர்ப்புச் சொன்னது: இந்த ஆயுதத்துக்கும் குடிப்படைக்கும் தொடர்பு இருப்பதாக எங்கள் முன் ஆதாரம் ஏதும் இல்லை. அதை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட 70 ஆண்டுகள் கீழ் நீதிமன்றங்கள் பெரும்பாலும் முதல் தரப்போடுதான் நின்றன.

1998: பக்கத்துச் சாசனங்களைப் புரட்டிப் பார்த்தவர்

வோலோக் 1968-ல் கீவ் நகரில், சோவியத் ஆட்சிக் காலத்தில் பிறந்தவர். 7 வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். 15 வயதில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணிதமும் கணினியும் படித்துப் பட்டம் வாங்கி, பிறகு சட்டத்துக்கு மாறி, உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரிடம் உதவியாளராக இருந்துவிட்டு, அதே பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் சட்டம் கற்பித்தார். 2024-லிருந்து ஸ்டான்ஃபோர்டின் ஹூவர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறார். இவரது முதன்மைத் துறை பேச்சுரிமை. இது முக்கியம், ஏனென்றால் துப்பாக்கி உரிமையையும் இவர் பேச்சுரிமையின் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்.

1998-ல் நியூயார்க் பல்கலைக்கழகச் சட்ட ஆய்விதழில் வந்த கட்டுரையில் இவர் செய்தது எளிமையான வேலை. இரண்டாவது திருத்தத்தைப் போல 'இது அவசியம் என்பதால், இந்த உரிமை' என்ற அமைப்பில் எழுதிய வாக்கியம் வேறெங்கும் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் காலத்து மாநிலச் சாசனங்களை எடுத்துத் தேடினார். அப்படிப்பட்ட வாக்கியங்கள் ஏராளமாகக் கிடைத்தன.

ரோட் ஐலண்டின் 1842 சாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாநிலத்தில் சுதந்திரத்தின் பாதுகாப்புக்குப் பத்திரிகைச் சுதந்திரம் இன்றியமையாதது என்பதால், எந்த மனிதரும் எந்தப் பொருள் பற்றியும் தன் கருத்தை வெளியிடலாம் என்கிறது அது. இப்போது கேளுங்கள்: சுதந்திரத்தின் பாதுகாப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சமையல் குறிப்பையோ காதல் கவிதையையோ ஒருவர் அச்சிட்டால் அதை அரசு தடுக்கலாமா? ஜனநாயகமே வேண்டாம் என்று எழுதுகிறவரின் வாயை அடைக்கலாமா? காரணப் பகுதிதான் எல்லை என்றால் இரண்டுக்கும் 'தடுக்கலாம்' என்றுதான் பதில் வரும். அப்படி யாரும் படிப்பதில்லை.

நியூ ஹாம்ப்ஷயரின் சாசனம் இன்னொரு உதாரணம். குற்றம் நடந்த இடத்துக்கு அருகிலேயே விசாரிப்பது குடிமக்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி, குற்றம் நடந்த கவுன்ட்டியில்தான் (நம் மாவட்டம் மாதிரியான பகுதி) விசாரணை நடக்க வேண்டும் என்கிறது. ஒரு குறிப்பிட்ட வழக்கில் உள்ளூர் விசாரணை குற்றம் சாட்டப்பட்டவருக்கே கெடுதல் என்று அரசு நினைத்தால், காரணம் பொருந்தவில்லை என்று சொல்லி அவர் விருப்பத்துக்கு மாறாக வழக்கை வேறு கவுன்ட்டிக்குக் கொண்டுபோக முடியுமா? முடியாது, விதி விதிதான்.

ஆக வோலோக் வந்து சேர்ந்த இடம் இது. காரணமும் உரிமையும் அச்சுப்பிசகாமல் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. உரிமைப் பகுதியில் ஒரு சொல் தெளிவில்லாமல் இருந்தால் காரணப் பகுதியின் துணையோடு பொருள் காணலாம். ஆனால் காரணத்தைக் காட்டி உரிமையையே அழிக்க முடியாது. 2007-ல் இன்னொரு கட்டுரையில், அந்த வாக்கியத்தில் வரும் 'சுதந்திர அரசு' அன்றைய வழக்கில் கொடுங்கோன்மை இல்லாத நாட்டைக் குறித்ததே தவிர மாநில அரசுகளைக் குறிக்கவில்லை என்றும் காட்டினார். மாநிலங்கள் தங்கள் படையைக் காப்பாற்றிக்கொள்ளவே இந்தத் திருத்தம் என்ற வாதத்தின் அடியில் கை வைத்தது அது.

2008: ஹெல்லர் தீர்ப்பு

தலைநகர் வாஷிங்டனில் 1976-லிருந்து கைத்துப்பாக்கிக்குத் தடை. ரைஃபிள் வைத்திருந்தால் அதைக் கழற்றியோ பூட்டியோதான் வைக்க வேண்டும். கட்டிடக் காவல் பணியில் துப்பாக்கி ஏந்திய டிக் ஹெல்லருக்கு வீட்டில் அதை வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கவில்லை. 2008 ஜூனில் 5-க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நீதிபதி ஆன்டனின் ஸ்கேலியா எழுதிய தீர்ப்பில் வோலோக்கின் மேலே சொன்ன இரண்டு கட்டுரைகளும் மேற்கோளாக இடம்பெற்றன. தற்காப்புதான் இந்த உரிமையின் மையம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. 2010-ல் சிகாகோ வழக்கில் இதையே எல்லா மாநிலங்களுக்கும் விரித்தார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். காரணப் பகுதி உரிமையை அழிக்காது என்ற வாதம் வலுவானது. எதிர்த்தரப்பு அதற்கு நேரான பதில் சொல்லி நான் படித்ததில்லை. ஆனால் உரிமைப் பகுதிக்குள்ளேயே ஒரு பிரச்சினை இருக்கிறது. 'ஆயுதம் ஏந்துதல்' என்று நான் மொழிபெயர்த்த தொடர், அந்தக் காலத்து ஆங்கிலத்தில் பெரும்பாலும் படையில் சேவை செய்வதையே குறித்தது என்று மொழியியலாளர்கள் ஹெல்லர் வழக்கிலேயே மனு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பெரிய அளவில் பழைய எழுத்துகளைத் திரட்டித் தேடியபோதும் ராணுவப் பொருள்தான் மிக அதிகமாக வந்தது. ஜாக் ராகோவ் தலைமையில் வரலாற்று ஆசிரியர்களும் எதிர்த்தரப்பில் நின்றார்கள். இன்னொரு பக்கம், 1776-ன் பென்சில்வேனியா சாசனம் 'தங்களையும் மாநிலத்தையும் காக்க' ஆயுதம் ஏந்தும் உரிமை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. சான்று இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கமே இருப்பதாகச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

உரிமை உண்டு, சரி. எவ்வளவு?

ஹெல்லர் தீர்ப்பு வந்ததும் அடுத்த கேள்வி கிளம்பியது. எந்தக் கட்டுப்பாடு செல்லும், எது செல்லாது? தண்டனை பெற்றவருக்கும் மனநோய் உள்ளவருக்கும் தடை, பள்ளியிலும் அரசுக் கட்டிடத்திலும் தடை, விற்பனை விதிகள் எல்லாம் தொடரலாம் என்று தீர்ப்பிலேயே ஒரு பட்டியல் இருந்தது. ஏன் என்பதற்கான விளக்கம்தான் இல்லை. 2009-ல் வோலோக் எழுதிய நீண்ட கட்டுரை இந்தக் குழியை நிரப்பப் பார்த்தது. ஒரே அளவுகோலை எல்லாச் சட்டத்துக்கும் வைக்காமல் தனித்தனியே கேளுங்கள் என்றார்:

1. எல்லை: சொற்களின்படியும் மரபின்படியும் இந்த ஆயுதமோ இந்த நபரோ இந்த இடமோ உரிமைக்குள் வருகிறதா?

2. சுமை: இந்தச் சட்டத்தால் தற்காப்பு எவ்வளவு கஷ்டமாகிறது? கொஞ்சம் காசும் சில நாள் காத்திருப்புமா, இல்லை அடியோடு முடியாமலே போகிறதா?

3. ஆபத்துக் குறைப்பு: சட்டத்தால் குற்றமும் சாவும் குறையும் என்பதற்கு அரசிடம் போதிய நியாயம் இருக்கிறதா?

4. அரசின் நிலை: அரசு இங்கே எல்லோரையும் ஆளும் அரசாகப் பேசுகிறதா, இல்லை தன் சொந்தக் கட்டிடத்துக்கு விதி போடும் உரிமையாளராகப் பேசுகிறதா?

இரண்டாவது கேள்வியில் பாருங்கள், அளவுகோல் துப்பாக்கி இல்லை, தற்காப்பு. உரிமக் கட்டணத்தை எக்கச்சக்கமாக ஏற்றினால் வசதியுள்ளவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, குற்றம் மலிந்த பகுதியில் குடியிருக்கும் ஏழைக்கு அது முழுத் தடை மாதிரிதான். காகிதத்தில் சின்னதாகத் தெரிகிற விதியும் யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்துக் கனமாகிவிடும்.

2022-ல் புரூவன் தீர்ப்பு வந்து இந்த வழியின் ஒரு பாதியை அடைத்துவிட்டது. வெளியில் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் விதியை 6-க்கு 3 என ரத்து செய்த நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், சட்டத்தின் பலனையும் சுமையையும் தராசில் வைக்கும் வேலையே வேண்டாம் என்றார். இனி ஒரு கட்டுப்பாடு நிற்க வேண்டுமானால் அது நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போவதை அரசு காட்ட வேண்டும். கீழ் நீதிமன்றங்கள் பழைய சட்டப் புத்தகங்களைத் தோண்ட ஆரம்பித்தன. ஒரே மாதிரி சட்டத்தை ஒரு நீதிமன்றம் செல்லும் என்றது, இன்னொன்று செல்லாது என்றது. 2024-ல் ரஹிமி வழக்கில், துணையைத் தாக்குவார் என்று நீதிமன்றம் தடையாணை போட்ட ஒருவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என 8-க்கு 1 எனத் தீர்ப்பு வந்தபோது, பழைய சட்டம் அப்படியே அச்சில் வார்த்தது போல இருக்க வேண்டியதில்லை, கொள்கை பொருந்தினால் போதும் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். கொள்கை பொருந்துகிறதா என்று பார்க்கும்போது 'எவ்வளவு சுமை, எதற்காக' என்று கேட்காமல் முடியாது. வோலோக்கின் 2009 கேள்விகளை வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே விட்டிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

சுடாத ஆயுதம்: ஒரு பெண்ணின் கைப்பை

துப்பாக்கி கருவி மட்டுமே என்பதை வோலோக் உண்மையாகவே நம்புகிறாரா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. துப்பாக்கி அல்லாத ஆயுதத்துக்கு இதே அளவு குரல் கொடுக்கிறாரா என்று பார்க்கலாம். 2009-ல் ஸ்டான்ஃபோர்டு சட்ட ஆய்விதழில் அவர் எழுதியது முழுக்க ஸ்டன் கன், பெப்பர் ஸ்ப்ரே பற்றித்தான். ஸ்டன் கன் என்பது உடலில் வைத்து அழுத்தினால் மின் அதிர்ச்சி தரும் கையடக்கக் கருவி. அப்போது 7 மாநிலங்கள் அதைத் தடை செய்திருந்தன. துப்பாக்கிக்கு உரிமம் தருகிற மாநிலம், ஆளைக் கொல்லாத கருவியைத் தடை செய்கிறது! உயிரைக் கொல்லக் கூடாது என்று மத நம்பிக்கை உள்ளவர் இருக்கிறார், குழந்தைகள் உள்ள வீட்டில் துப்பாக்கி வேண்டாம் என்று நினைப்பவர் இருக்கிறார், பழைய தண்டனையாலோ வயதாலோ துப்பாக்கி வாங்க முடியாதவர் இருக்கிறார். இவர்கள் எதை வைத்துத் தங்களைக் காத்துக்கொள்வது என்று கேட்டார்.

பதில் 2016-ல் கேட்டானோ வழக்கில் வந்தது. மாசசூசெட்ஸில் ஒரு பெண், குழந்தைகளின் தந்தையான முன்னாள் காதலன் அடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர். நீதிமன்றத் தடையாணை ஒன்றுக்கு மேல் வாங்கியும் பலனில்லை. நண்பர் ஒருவர் தந்த ஸ்டன் கன்னைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு நாள் வேலை முடிந்து வெளியே வந்தால் அந்த ஆள் காத்துக்கொண்டு நிற்கிறான். இவரைவிடக் கிட்டத்தட்ட ஓர் அடி உயரம், எடையும் ஏறக்குறைய 100 பவுண்டு கூடுதல். இவர் கருவியை எடுத்துக் காட்டி, உன் மேல் இதைப் பயன்படுத்த எனக்கு விருப்பமில்லை, விட்டுவிட்டுப் போ என்றார். அவன் போய்விட்டான். ஒரு கீறல்கூட யாருக்கும் இல்லை. பிறகு 2011-ல் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நடந்த திருட்டுப் புகாரை விசாரிக்க வந்த போலீஸ் இவர் பையைச் சோதித்தபோது கருவி கிடைத்தது, வழக்கு இவர் மேல் பாய்ந்தது.

மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் மூன்று காரணம் சொல்லித் தண்டனையை உறுதி செய்தது. ஒன்று, 1791-ல் இது பொதுப் புழக்கத்தில் இல்லை. இரண்டு, நவீனக் கண்டுபிடிப்பு என்பதால் 'வழக்கத்துக்கு மாறான' ஆயுதம். மூன்று, ராணுவத்துக்கு உதவாது. மூன்றுமே ஹெல்லர் தீர்ப்புக்கு முரண் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, ஒரு நீதிபதியும் மாறுபடவில்லை. இரண்டு ஆண்டு கழித்து மாசசூசெட்ஸ் நீதிமன்றமே தன் மாநிலத் தடையை நீக்கியது. மிச்சிகன், விஸ்கான்சின், நியூ ஜெர்சி, ஹவாய், ரோட் ஐலண்ட் ஆகிய மாநிலங்களிலும் முன்னும் பின்னுமாக நீதிமன்றத்தாலோ சட்டமன்றத்தாலோ தடை விழுந்தது. துப்பாக்கியை அடியோடு வெறுப்பவர்கூட இந்த வழக்கை மனசாட்சியோடு படித்துவிட்டு அந்தப் பெண் தண்டனைக்கு உரியவர் என்று சொல்ல முடியுமா?

பதிவேட்டுக்கு ஏன் இத்தனை எதிர்ப்பு

வாகனத்தைப் பதிவு செய்கிறோம், துப்பாக்கியைப் பதிவு செய்தால் என்ன குறை? நியாயமான கேள்வி. 2003-ல் ஹார்வர்டு சட்ட ஆய்விதழில், ஒரு சின்ன அடி எப்படிப் பெரிய சரிவில் கொண்டுபோய் விடும் என்பதை வோலோக் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டினார். அதில் ஒன்று செலவு குறையும் சரிவு. என் கணக்கில் சொல்கிறேன்: 100 பேரில் 40 பேர் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யச் சொல்கிறார்கள். இன்னும் 15 பேருக்கும் அதில் சம்மதம்தான், வீடு வீடாகப் புகுந்து தேட வேண்டுமே என்பது மட்டும் தடுக்கிறது. பதிவேடு வந்துவிட்டால் தேட வேண்டாம், முகவரி கையில் இருக்கும். 40 என்பது 55 ஆகிவிடும். பதிவு மட்டும் போதும், பறிமுதல் வேண்டாம் என்று நினைத்தவர் தன்னை அறியாமல் பறிமுதலுக்கு வழி செய்தவர் ஆகிறார்.

நியூயார்க் நகரம் 1967-ல் ரைஃபிள், ஷாட்கன்களைப் பதிவு செய்ய வைத்தது, 1991-ல் சில வகைகளைத் தடை செய்தபோது அந்தப் பதிவேடு உதவியது. 1986-லேயே மத்தியச் சட்டம் ஒன்று தேசிய அளவிலான துப்பாக்கிப் பதிவேட்டைத் தடுத்துவிட்டது. இந்த வாதத்துக்கு ஒரு வரம்பு உண்டு: சரியலாம் என்பதற்காக எந்தச் சீர்திருத்தமும் கூடாது என்றாகிவிடும். வோலோக்கும் சரிவு எப்போதும் நடக்கும் என்று சொல்லவில்லை, எப்போது நடக்கக்கூடும் என்றுதான் பிரித்துச் சொன்னார்.

எனக்கு இடிக்கும் இடம்

தற்காப்பு என்ற சட்டகத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: தாக்குபவர், தாக்கப்படுபவர். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கும் மேல், தாக்குபவர் என்று ஒருவரே இல்லாத சாவு. மனம் உடைந்த ஒரு ராத்திரியில் அலமாரியில் துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்பதே உயிரைத் தீர்மானிக்கிற சூழலுக்கு இந்தச் சட்டகத்தில் இடம் குறைவு. நான்கு கேள்விகளில் மூன்றாவதுதான் இதற்கு இடம் தந்தது, அதைத்தான் புரூவன் மூடியது. அதனால் காத்திருப்புக் காலம், பூட்டி வைக்கும் விதி போன்றவற்றைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் வோலோக்கை எதிரியாகப் பார்க்காமல் அந்த 2009 கட்டுரையைக் கையில் எடுப்பதே புத்திசாலித்தனம்.

துப்பாக்கியைத் தாண்டி

இந்தச் சிந்தனை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2007-ல் அவரே எழுதிக் காட்டினார். கொல்ல வருகிறவனைக் கொன்றாவது தப்பிக்க எனக்கு உரிமை உண்டு என்றால், கொல்ல வரும் நோயிலிருந்து தப்பிக்க உரிமை இல்லையா? மரணத்தின் விளிம்பில் நிற்கும் நோயாளி, முதல்கட்டப் பாதுகாப்புச் சோதனை முடித்து இன்னும் முழு ஒப்புதல் பெறாத மருந்தைக் கேட்டால் அரசு எந்த நியாயத்தில் தடுக்கிறது? சிறுநீரகம் கிடைக்காமல் சாகிறவர், தானம் செய்பவருக்குப் பணம் கொடுப்பதை ஏன் குற்றமாக்க வேண்டும்? இதற்கு அவர் வைத்த பெயரே மருத்துவத் தற்காப்பு. ஏழைகள் உறுப்பை விற்கத் தள்ளப்படுவார்கள் என்ற அச்சத்துக்கு, தடைக்குப் பதில் ஒழுங்குமுறை போதும் என்பது அவர் பதில். வறுமையில் இருப்பவரின் 'சம்மதம்' எவ்வளவு சம்மதம் என்ற கேள்வி அதில் தீரவில்லை என்பது என் எண்ணம்.

சோதனை மருந்து கேட்டு நோயாளிகள் தரப்பு தொடுத்த வழக்கு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2006-ல் முதலில் ஜெயித்து, 2007-ல் முழு அமர்வில் தோற்றது. நீதிமன்றம் தராததை 2018-ல் நாடாளுமன்றம் ஓரளவு தந்தது: உயிருக்கு ஆபத்தான நோயில் வேறு வழியில்லாதவர், முதல்கட்டச் சோதனை முடிந்த மருந்தை, தயாரிப்பாளர் தர ஒப்புக்கொண்டால் பெறலாம். உறுப்புக்குப் பணம் கொடுப்பதற்கு 1984-ல் போட்ட தடை இன்றும் அப்படியேதான் இருக்கிறது.